மடியில் சகலை

செத்த பிறகும் அவருக்கு ஜன்னலோர சீட்டு. வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஏறியபோது நிற்கக்கூட இடமில்லை, ஒரு கையால் மேல் கம்பியையும் இன்னொரு கையால் செய்தித்தாள் சுற்றிய இந்தச் சட்டத்தையும் பிடித்துக்கொண்டு தள்ளாடினேன், எழுபத்தெட்டு வயதுக் கிழவன் தள்ளாடுகிறானே என்று ஒரு ஜீவன் திரும்பிப் பார்க்கவில்லை, எல்லார் கண்ணும் செல்போனில். கண்டக்டர் வந்து, "இன்னா பெரியவரே, கண்ணாடி சாமானா? லக்கேஜ் போடணும்" என்றான். மூன்று சீட் முன்னால் பெண்கள் பக்கத்தில் மாலைப் பையை மடியில் வைத்துக்கொண்டு வசதியாக உட்கார்ந்திருந்த தேவகி, என் சம்சாரம்தான், அங்கிருந்தே குரல் கொடுத்தாள். "லக்கேஜ் இல்லப்பா, எங்க மாமா படம். சுபேதார் ஏகாம்பரம். இன்னிக்குப் பதினாறாம் நாள் காரியம்." அவ்வளவுதான். "நம்ம சுபேதாரா? தங்கமான மனுசனாச்சே" என்று கண்டக்டர் கையை நெஞ்சில் வைத்தான், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஒரு தாடிக்காரப் பையன் சட்டென்று எழுந்தான், பக்கத்திலிருந்தவர் கால்களை ஒடுக்கினார், "உக்காருங்க ஐயா, படத்தப் பத்திரமா வெச்சிக்கோங்க" என்றார்கள். படத்தைப் பத்திரமாக. என்னை அல்ல. இதே ரூட்டில் முப்பது வருஷம் சர்க்கரை ஆலைக்கு வேலைக்குப் போய் வந்தவன் நான், கரும்பு லாரிக்கு எடை பார்க்கும் வேலை, ஒரு நாளும் எனக்கு எவனும் எழுந்து இடம் விட்டதில்லை. இன்றைக்கு அவர் என் மடியில் உட்கார்ந்திருக்கிறார், அந்தத் தயவில் நான் உட்கார்ந்திருக்கிறேன். சட்டம் கனக்கிறது, தேக்கு என்று பிரேம் கடைக்காரர் சொன்னார். "அம்மா போன்ல சொன்ன மாதிரியே போட்டிருக்கேன், பிரிக்காம அப்படியே எடுத்துட்டுப் போங்க" என்று சணல் போட்டுக் கட்டிக் கொடுத்தார். பிரித்துப் பார்க்க எனக்கென்ன ஆசை. உள்ளே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாதா, யூனிபாரம், நெஞ்சில் மெடல், மேலே தூக்கிய மோவாய். ஐம்பது வருஷத்துக்கு மேலாகப் பார்க்கிற மூஞ்சிதானே.

அவர் அக்காளைக் கட்டினார், நான் தங்கையைக் கட்டினேன், அதனால் சகலை. ஊரில் இதைவிடப் பிரயோஜனமில்லாத உறவு வேறு கிடையாது. பங்காளிக்குத் தீட்டு உண்டு, மச்சானுக்கு முறை உண்டு, சம்பந்தி வீட்டார் கோடித் துணி எடுத்துக்கொண்டு வருவார்கள். சகலைக்குப் பந்தியில் ஓர் இலை, அதோடு சரி. செத்த அன்று எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள், நெய்ப்பந்தம் பிடிக்க, வாய்க்கரிசி போட, பாடை தூக்க, நான் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு எங்கே நிற்பது என்று தெரியாமல் தண்ணீர் டிரம் பக்கத்தில் நின்றேன். பட்டாளத்துச் சங்கத்துக்காரர்கள் தொப்பி போட்டுக்கொண்டு வந்தார்கள், பாதி பேருக்கு முதுகு வளைந்துவிட்டது, ஆனாலும் வரிசையாக நின்று விறைப்பாக சல்யூட் அடித்தார்கள். தெருவே வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதது. எனக்கு யார் சல்யூட் அடிப்பார்கள்? ஆலையிலிருந்து எடைக் கல்லையா கொண்டுவந்து வைப்பார்கள்? அதுகூடப் பரவாயில்லை. தேவகி ஓடிவந்து அவர் கால்மாட்டில் விழுந்து, "போயிட்டியா மாமா, இனிமே எங்களுக்கு யாரு இருக்கா" என்று கதறினாளே, அதைத்தான் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. நான் ஓர் எட்டு தள்ளி நின்றுகொண்டிருந்தேன். கல்யாணமாகி ஐம்பத்து சொச்சம் வருஷம். ஒரு ராத்திரிகூட அவளை விட்டுவிட்டு வெளியூரில் தங்கியதில்லை. இனிமே எங்களுக்கு யாரு இருக்கா. நான் இருக்கிறேனே அம்மா. தண்ணீர் டிரம் பக்கத்தில் இருக்கிறேனே.

அழுகிறபோது வாயில் வருவதையெல்லாம் பிடித்துக்கொண்டு தொங்கக்கூடாது என்று எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். பிணத்தின் முன்னால் எல்லாரும் அப்படித்தான் அழுவார்கள், அது ஒரு வழக்கம், பாட்டு மாதிரி. ஆனால் ராத்திரி படுத்தால் அந்த வார்த்தை வந்து பக்கத்தில் படுத்துக்கொள்கிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை, அவள் அதை நினைத்துச் சொன்னாளா? நான் போய்விட்டால் இவள் என்ன சொல்லி அழுவாள்? அழுவாளா? காலையில் பல் விளக்கும்போது, இட்லி தின்னும்போது, இப்போது இந்த பஸ்ஸில், காட்பாடி ரயில்வே கேட்டில் நின்று புகை கக்கிக்கொண்டிருக்கிற இந்த நேரத்தில்கூட அதே கேள்விதான். எனக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. இவர்களுக்கெல்லாம் நான் யார் என்று ஒருத்தராவது ஒரு தரம் சொல்லிவிட்டால் போதும். முன்னால் பார்க்கிறேன், தேவகி பையைத் திறந்து சம்பங்கி மாலைக்குத் தண்ணீர் தெளிக்கிறாள். மாமாவுக்கு மாலை வாடிவிடக் கூடாது. காலையிலிருந்து நான் ஒரு வாய் காபி குடித்தேனா என்று கேட்கவில்லை. அவர் இருந்திருந்தால் தன் சம்சாரம் சுலோசனா அண்ணிக்கு அவரே காபி போட்டுக் கொடுத்திருப்பார். ஆமாம், அதையும்தான் ஆயுசு முழுக்கக் கேட்டாயிற்று. "மாமா விடியக்காலையில எழுந்து அக்காவுக்குக் காபி போட்டுக் குடுக்கறாரு." "மாமா சாப்ட்ட தட்ட அவரே கழுவி வெக்கறாரு." "அக்காவுக்குக் கை ஒடிஞ்சப்ப மாமாதான் தலை வாரிப் பின்னி விட்டாரு, தெரியுமா?" தெரியும், தெரியும், தெருவுக்கே தெரியும். வருஷத்தில் பத்து மாதம் கண்காணாத இடத்தில் கிடந்தவன் வந்து காபி போட்டால் அது அதிசயம். தினம் தினம் வீட்டிலேயே கிடக்கிறவன் என்ன செய்தாலும் அது கணக்கில் வராது.

பொறாமையா என்றால் பொறாமைதான், யாரிடம் மறைக்க. அவர் லீவில் வருகிற நாளில் தெருவே கோலம் போட்டுக்கொண்டு நிற்கும். கறுப்பு டிரங்குப் பெட்டியைத் திறந்தால் ஒரு வாசனை வரும், அந்துருண்டையும் பூட் பாலீஷும் ஏதோ வடக்கத்திச் சோப்பும் கலந்து, அதை மோந்தாலே எனக்கு வயிறு எரியும், ஆனாலும் முதல் ஆளாகப் போய் நிற்பேன். யாருக்கு என்ன என்று அவர் பேர் பேராக நினைவு வைத்திருப்பார். ஒரு தரம் எனக்கு ஸ்வெட்டர் கொண்டுவந்தார். வேலூர் வெயிலுக்கு ஸ்வெட்டர்! எல்லாரும் சிரித்தார்கள், அவர் மட்டும் சிரிக்காமல், "அரவை சீசன்ல ராத்திரி டூட்டின்னு சொன்னியே சகல, பனி கொட்டுமே" என்றார். பனி கொட்டத்தான் செய்யும். மார்கழி ராத்திரிகளில் எடை மேடையில் நின்றவன் நான், எனக்குக் குளிரும் என்று என் வீட்டில் யாரும் நினைக்கவில்லை, எங்கேயோ பனி மலையில் நிற்கிற மனுஷன் நினைத்திருக்கிறார். அந்த ஸ்வெட்டர் கிழியவே மாட்டேன் என்றது. வருஷா வருஷம் எடுத்துப் போட்டுக்கொள்ளும்போதெல்லாம் எரிச்சலாக இருக்கும், கதகதப்பாகவும் இருக்கும். கேன்டீன் ரம்மும் அப்படித்தான். பாட்டிலை அவர்தான் கொடுப்பார், அவரைத் திட்டிக்கொண்டே நான்தான் குடிப்பேன். தொடையில் குண்டு பாய்ந்த கதையை அவர் ஒரு நாளும் யாரிடமும் சொன்னதில்லை. டீக்கடையில் நான்தான் சொன்னேன். எந்த ஆற்றங்கரை, எந்த இருட்டு, எந்தப் பக்கத்திலிருந்து சுட்டான், எல்லாம் நானே கூட்டிப் பெருக்கிச் சொன்னேன், சொல்லச் சொல்லக் கூட்டம் கூடும், கடைசியில் எல்லாரும் "சுபேதார்னா சுபேதார்தான்யா" என்று எழுந்து போவார்கள். சொன்னவனுக்கு ஒரு டீ.

அந்த யுத்தம் நடந்தபோதுதான் கஜேந்திரன் பிறந்தான், அவர் மகன், இன்றைக்கு மொட்டை போட்டுக்கொண்டு காரியம் செய்கிறானே அவன். ரேடியோவில் குண்டு போடுகிற செய்தி, சுலோசனா அண்ணிக்கு வலி எடுத்துவிட்டது, மழை தூறுகிறது, நான்தான் ஓடிப்போய் ஜட்கா பிடித்து வந்தேன். அவளைத் தூக்கி உள்ளே உட்காரவைத்துப் பின்னால் அடைப்புக் கம்பியைப் போட்டபோது குதிரை மிரண்டு இழுத்துவிட்டது, என் வலது கை மோதிர விரல் கம்பிக்கும் கட்டைக்கும் நடுவில் சிக்கி நசுங்கியது. கத்தினால் அண்ணி பயந்துவிடுவாள் என்று துண்டைச் சுற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் வண்டிக்குப் பின்னால் ஓடினேன். அன்றைக்குக் கட்டுப் போட்டிருந்தால் நேராகியிருக்கும், யாருக்கு நேரம். இன்னும் கோணலாகத்தான் இருக்கிறது, இதோ, சட்டத்தின் விளிம்பைப் பிடித்திருக்கிற கையில் மூன்று விரல் நேராகவும் அது மட்டும் வேலி தாண்டுகிற ஆடு மாதிரி விலகியும். நர்ஸம்மா துணியில் சுற்றிக் குழந்தையை என் கையில் கொடுத்து, "நீங்கதான் அப்பாவா?" என்று கேட்டாள். இல்லை என்று சொன்னேன். சொன்னேன்தான், கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னேன். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் யாரிடமும் சொன்னதில்லை, தேவகியிடம்கூட. அவளுக்கு அதே நினைப்பு வேறு விதத்தில் இருந்திருக்கும், அவளும் அந்தப் பிள்ளையைத் தரையில் விடாமல்தான் வளர்த்தாள். அம்மை போட்டபோது வேப்பிலையோடு உட்கார்ந்தது நாங்கள், பள்ளிக்கூடத்தில் பேர் கொடுத்தது நான், சைக்கிள் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடியது நான். எனக்குத்தான் வண்டிக்குப் பின்னால் ஓடிப் பழக்கமாயிற்றே.

பையனுக்கு இரண்டு வயது இருக்கும்போது அவர் லீவில் வந்தார். டிரங்குப் பெட்டியை இறக்கிவிட்டு, "டேய் கஜா" என்று இரண்டு கையையும் நீட்டினார். பையன் என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு காலுக்குப் பின்னால் ஒளிந்தான், "அப்பா, தூக்கு, தூக்கு" என்று என்னைப் பார்த்துக் கத்தினான். தெருவே திரும்பிப் பார்த்தது. சுலோசனா அண்ணி முந்தானையைக் கடித்துக்கொண்டாள். எனக்கு உள்ளே ஒரு குதி, பொய் சொல்லவில்லை, தீபாவளி மாதிரி இருந்தது. இப்போது என்ன செய்வாய், மெடலைக் காட்டுவாயா என்று அவர் முகத்தையே பார்த்தேன். அவர் நீட்டிய கையை மெதுவாக மடக்கினார், என்னைப் பார்த்தார், பிறகு சிரித்துக்கொண்டு, "சரியாத்தான்டா சொல்ற" என்றார். போயிற்று. அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் போயிற்று. "என்ன பெருந்தன்மை, என்ன மனசு" என்று அதையும் தெரு அவர் கணக்கிலேயே எழுதியது. என் வாழ்க்கையில் நான் ஜெயித்த ஒரே நாள், அதையும் அவர் சிரித்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அவர் பட்டாளத்திலிருந்து ஒரேயடியாக வந்து சேர்ந்தபோது பையனுக்கு மீசை அரும்பிவிட்டது, ஒரு வாரத்தில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலீஷ் போட ஆரம்பித்துவிட்டார்கள். நான் சித்தப்பா ஆனேன். முறைப்படி சரிதான், தப்பு சொல்ல முடியாது. அதற்கப்புறம் முப்பத்தைந்து வருஷம் அவர் ஊர் மெச்சின குடும்பஸ்தர், பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு கோயிலுக்குப் போவார், பேரன் பேத்திக்குப் பாடம் சொல்வார், கொடி ஏற்றுவார். இன்றைக்கு மத்தியானம் சங்கத் தலைவர் படத்தைத் திறந்துவைத்து இதையெல்லாம் பேசுவார். குடும்பத்தைத் தூண் போலத் தாங்கினார் என்பார். தாங்கட்டும். தூண் பனிமலையில் நின்றுகொண்டிருந்த காலத்தில் கூரை எது மேல் நின்றது என்று ஒருத்தன் கேட்கமாட்டான்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். மூக்கில் குழாய், ஆனாலும் முகம் மழுங்கச் சிரைத்திருந்தார். என் கையைப் பிடித்து அந்தக் கோணல் விரலை மட்டும் தடவித் தடவிப் பார்த்தார். "சகல, இது இன்னும் வலிக்குதா?" என்றார். "மழை நாள்ல வலிக்கும்" என்றேன். "எனக்குத் தொடை. அதுவும் மழை நாள்லதான்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அவருடையது துப்பாக்கிக் குண்டு, என்னுடையது ஜட்காக் கம்பி, சாகக் கிடக்கும்போதும் வலியை வைத்து ஒரு படி மேலே நிற்கிறாரே என்று தோன்றியது. வேறு என்னவோ சொல்ல வாயெடுத்தார், இருமல் வந்துவிட்டது, நான் தண்ணீர் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்துவிட்டேன். அப்புறம் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள், ஒரு மத்தியானம் ரசஞ்சாதம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. சாவுகூட அவருக்கு வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி. பஸ் பள்ளத்தில் விழுந்து எழுகிறது, சட்டம் என் மோவாயில் இடிக்கிறது. நிமிர்த்திப் பிடிக்கிறேன். என் உள்ளங்கை வேர்வையில் செய்தித்தாள் ஊறிப்போய் ஓரத்தில் கிழிந்திருக்கிறது, சணல் அறுத்து இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டது. உள்ளே வெள்ளை. காக்கி இல்லை, பச்சை இல்லை, வெள்ளைச் சட்டை. இதென்ன. கிழிசலை விரலால் விலக்குகிறேன். ஒரு தோள் தெரிகிறது. தோள் மேல் ஒரு கை தெரிகிறது. மணிக்கட்டோடு நிற்கிற கை. நான்கு விரல். மூன்று நேர், ஒன்று கோணல்.

என் கை. பஸ்ஸில் யாரோ பாட்டு போட்டிருக்கிறார்கள், காதில் விழுகிறது, மனதில் ஏறவில்லை. என் கை, என் கையேதான், கஜேந்திரன் கல்யாணத்தில் எடுத்த படம் இது, இரண்டு பேரும் ஜரிகை வேட்டியோடு மண்டப வாசலில் நின்றோம். போட்டோக்காரர் "கிட்ட வாங்க, கிட்ட வாங்க" என்றார். அவர் என்னைவிட அரை அடி உயரம், படத்தில் நான் குள்ளமாகத் தெரியக்கூடாதே என்று தோளில் கையைப் போட்டுக் கொஞ்சம் கீழே அழுத்தினேன். நான் அழுத்தின அழுத்தத்துக்கு அவர் குனிந்துகொடுத்தார். அந்தப் படம்தான். பெரிதாக்கியிருக்கிறார்கள், பக்கத்தில் நின்ற ஆளை வெட்டி எறிந்திருக்கிறார்கள், தலை, மூஞ்சி, புது வேட்டி எல்லாம் குப்பைக்கு, வேலை தெரியாத பாவி கையை மட்டும் மறந்துவிட்டான். மறந்தானா? இந்த அழகில் அம்மா சொன்ன மாதிரி போட்டிருக்கிறானாம். எனக்குக் கண் கலங்குகிறது, அவமானத்தில்தான், வேறெதற்கும் இல்லை. இறங்கித் திரும்பிப் போகலாமா? காரியம் முடிகிற நேரம், படம் இல்லாமல் எல்லாரும் காத்திருப்பார்கள். படத்தைத் திறந்ததும் கூட்டம் பார்க்கும், இது யார் கை, பிசாசுக் கை மாதிரி தோளில் உட்கார்ந்திருக்கிறதே என்று குழந்தைகள் சிரிக்கும். பழி எங்கே விழும்? "ஒரே ஒரு வேல குடுத்தோம், அதையும் பாத்து வாங்கினு வரத் துப்பில்ல" என்று தேவகி எல்லார் முன்னாலும் சொல்வாள். மாமாவாக இருந்தால் கடையிலேயே பிரித்துப் பார்த்திருப்பார் என்பாள். முன் சீட்டிலிருந்து திரும்பி, "இன்னாங்க, இன்னாத்துக்கு மூஞ்சி ஒரு மாதிரி கீது?" என்கிறாள். "வெயில்" என்கிறேன். துண்டை எடுத்துக் கிழிசல் மேல் போடுகிறேன். துண்டுக்கு அடியில் என் கை அந்தக் கை மேல் கிடக்கிறது. மாலை இருக்கிறது. சம்பங்கி மாலை, கனமானது, வலது பக்கம் கொஞ்சம் ஏற்றிப் போட்டால் தோள் மறைந்துவிடும். நானே போட்டுவிடுகிறேன், யாரையும் தொடவிடக் கூடாது. என் கையை நானே மறைத்துவிடுகிறேன், பிறகு யார் மாலையை எடுக்கப்போகிறார்கள். இதற்கும் எனக்குத்தான் வேலை.

பந்தலில் கூட்டம். படத்தை யாரிடமும் கொடுக்காமல் நேராகக் கூடத்துக்குக் கொண்டுபோய் மேஜை மேல் சுவரோரம் நிறுத்தினேன், செய்தித்தாளைச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு கிழித்தேன், மாலையை வலது பக்கம் ஏற்றிப் போட்டேன், தோள் மறைந்தது, மேலே பட்டுத் துணியைப் போர்த்தினேன். சங்கத் தலைவர் பேசினார், நான் நினைத்ததையெல்லாம் அப்படியே பேசினார், தூண் என்றும் சொன்னார். துணியை இழுத்தார். யூனிபாரத்தை எதிர்பார்த்த கூட்டம் ஒரு கணம் முழித்தது, பிறகு கை தட்டலாமா கூடாதா என்று தெரியாமல் கும்பிட்டது. தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன். அப்போது மூலையில் பாயில் உட்கார்ந்திருந்த சுலோசனா அண்ணி, "தம்பி, மாலைய கொஞ்சம் தள்ளிப் போடுங்க" என்றாள். எனக்குக் கேட்காத மாதிரி நின்றேன். "தம்பி, உங்களத்தான். கை மறையுது." கூடமே என்னைப் பார்த்தது. கிட்டே போய் குனிந்து, "கடைக்காரன் தப்பு பண்ணிட்டான் அண்ணி, நான் கவனிக்கல, நாளைக்கு மாத்திக் குடுத்துர்றேன்" என்றேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தப்பு இன்னா தப்பு? அவரு எடுத்துக் குடுத்த படம் அது. யூனிபாரம் போட்டது வாணாம், சகல கை வெச்சிருக்கிற படத்தப் போடுன்னாரு. உசுரோட கீறவர மாலை போடுற படத்துல வெக்கக் கூடாதேன்னு நான்தான் சொன்னேன். அப்படின்னா ஆள மட்டும் எடுத்துடு, கைய எடுக்காத, நான் ஊர்ல இல்லாதப்போ என் வூட்ட அந்தக் கைதான் பாத்துச்சின்னாரு. ஆஸ்பத்திரில உங்ககிட்டயே சொல்றன்னாரு, சொல்லலியா?"

சொல்லவில்லை. இருமல் வந்தது, நான் பஸ்ஸுக்கு எழுந்துவிட்டேன். கஜேந்திரன் மொட்டைத் தலையோடு ஸ்டூல் மேல் ஏறி மாலையை இடது பக்கம் இழுத்துவிட்டான், கை வெளியே வந்தது, வெளிச்சத்தில் கோணல் விரல் நன்றாகவே தெரிந்தது. இறங்கி வந்து என் பக்கத்தில் நின்றான், சின்ன வயதில் பிடிப்பானே அந்த மாதிரி என் வேட்டி ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான், ஐம்பது வயதுக்காரன். எனக்குக் கோபம்தான் வந்தது. இதையும் நீங்கள்தான் முதலில் நினைக்க வேண்டுமா சகல, ஒன்றைக்கூட எனக்கு மிச்சம் வைக்கமாட்டீர்களா என்று அந்த முகத்தைப் பார்த்தேன். அது எப்போதும்போல லேசாகக் குனிந்துகொடுத்துச் சிரித்தது. தேவகி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்தாள், திரும்பி என் வலது கையைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். "உங்க வெரலு" என்றாள். முந்தானையை எடுத்துப் படத்தின் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். மாமாவின் முகத்தின் மேல் சம்பங்கித் தண்ணீர் சொட்டுச் சொட்டாக நின்றது, அதை விட்டுவிட்டு அந்தக் கை இருந்த இடத்தை மட்டும் துடைத்தாள், துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள். அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். முகத்தையும் துடை என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவரும் கொஞ்சம் பொறாமைப்படட்டுமே.